உள்பக்கக் கைப்பிடி

அத்தான் உடைத்த கதவுக் கைப்பிடிகளை அக்கா தூக்கி எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். நான் அவற்றை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே ஒரே இடத்தில் உடைந்திருந்தன. கைப்பிடியையும் பூட்டுக்குள் இருக்கும் நாக்கையும் சேர்க்கும் சதுரக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தது. கம்பி நுழையும் இடத்தில் வார்ப்பு வெடித்திருந்தது. எங்கள் மலை நகரமான பிரிஞ்சாங்கில் ஒரே கடையில் வாங்கியவைதான். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் முன்னதைவிட உறுதியானது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்.

அத்தான் வேலை செய்த காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டியவர். மலையில் எடுக்கும் கொழுந்தை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் லோரி; வேலையாட்களும் அதன் பின்னால்தான் நின்று வருவார்கள். ஓய்வுபெற்ற சில வருடங்களில் மறதி வந்தது. கீழே ஈப்போ நகரத்து மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். வீட்டில் எல்லோரும் மறதி என்றுதான் சொல்கிறார்கள். கையில் பலம் மட்டும் குறையவில்லை. காலையில் தோட்டத்து லோரி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துப் பாதையில் ஹார்ன் அடித்துக்கொண்டு மேலே போகும். அந்தச் சத்தம் கேட்டதும் அத்தான் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் பனி மூடிய காலையில் அப்படிக் கிளம்பியவர் கோலா தெர்லாப் பக்கம் பெரிய சாலையின் நடுக்கோட்டில் நடந்துகொண்டிருந்தார். காய்கறி லோரிகள் இறங்கும் நேரம். அவரைத் தெரிந்த ஒரு டிரைவர் நிறுத்தி, முன்சீட்டில் ஏற்றி, வீட்டில் கொண்டுவந்து விட்டார். அத்தான் முகத்தில் அன்று அப்படி ஒரு சந்தோஷம் என்று அக்கா சொன்னாள். வழியெல்லாம் அந்த டிரைவருக்குக் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தாராம்.

அவர்களுடைய ஒரே மகள் ஈப்போவில் பள்ளி ஆசிரியை. செய்தி தெரிந்த வார இறுதியில் வந்தாள். ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவைத்திருந்தாள். சுத்தமான இடம், பின்னால் தோட்டம் இருக்கிறது, தமிழ் பேசும் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, வரும் பள்ளி விடுமுறை முடியும்வரை அவளுக்காக வைத்திருப்பார்கள்.

"இன்னொரு தடவ அப்பா வெளிய போனா அங்க சேர்த்துடுவேன்மா. ரோட்டுல அடிபட்டாருன்னு போன் வந்து நான் மலையேறி வரமுடியாது."

 தேயிலை பேக் செய்யும் பிரிவில் அக்காவுக்கு இன்னும் வேலை இருந்தது. வேலை இருக்கும்வரைதான் அந்த லயத்து வீடும். வேலைக்குப் போனால் அத்தானைத் தனியாக விட வேண்டும். விடாமல் இருந்தால் வீடு போகும். கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அவர் கைப்பிடியை உடைத்துவிடுவார். மகள் சொன்னது நியாயம்தான் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது என்று எனக்குத் தோன்றியது.

நான் கோலாலம்பூரில் நாளிதழ் வேலையை விட்டுவிட்டு பிரிஞ்சாங்கில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பஸ்ஸும் நடையுமாக வாரத்தில் சில நாள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். பூட்டு விஷயத்தில் நான் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பூட்டைச் செய்தது அத்தானின் தம்பி. தோட்டத்து ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் வேலை. எனக்கு மச்சான் முறை. எதைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அதை உடனே சொல்லியும் விடுவார். நானும் அக்காவும் பிஸ்கட் டின்னோடு அவர் வீட்டுக்குப் போனபோது, உடைந்த துண்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கடைக்காரன் மேல தப்பு இல்ல மச்சான். பூட்டுனா கைப்பிடி அசையாது. அசையலன்னா அண்ணன் விடுமா? தொங்கும். அந்தக் கைப்பிடி ஒரு சாண் நீளம். முழு ஆளு கனமும் இந்தச் சுண்டுவிரல் கம்பியில வந்து நிக்குது. யானைக்குப் பூட்டு செஞ்சாலும் ஒடையும்."

"அப்ப என்ன செய்யறது?"

"பூட்டுனப்ப கைப்பிடியக் கழட்டி விட்டுரணும். கையோட கழட்டுறது இல்ல, உள்ளுக்குள்ள. சைக்கிள் பெடல பின்னாடி மிதிச்சா சும்மா சுத்துதுல்ல, அது மாதிரி. எவ்வளவு வேணா அமுக்கட்டும். அமுக்க அங்க ஒண்ணும் இருக்காது."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "இப்படித்தான் கோழிக்கூண்டுக்கும் ஒண்ணு செஞ்சாரு. கோழி திறந்துக்கிட்டு வெளிய வருது. எனக்குத்தான் திறக்க மாட்டேங்குது."

"அது வேற டிசைன்," என்றார் மச்சான், அசராமல்.

அக்காவுக்கு வேறொரு கவலை இருந்தது. அவள் அதைச் சொன்னபோதுதான் வழக்கமான பூட்டு எதுவும் இந்த வீட்டுக்குச் சரிவராது என்று எனக்குப் புரிந்தது.

"வெளிய இருந்து யார் வேணா திறக்கற மாதிரி இருக்கணும் தம்பி," என்றாள் கொழுந்தனைப் பார்த்து.

"அப்ப அது என்ன பூட்டு அண்ணி? திருடனும் திறப்பான்லா."

"திருட அங்க என்ன இருக்கு? நான் வேலையில இருக்கறப்ப பக்கத்து வீட்டுல வந்து பார்க்கணும். உங்கண்ணன் விழுந்து கெடந்தா? எங்கயாச்சும் பொகஞ்சா? சாவிய நான் இடுப்புல சொருகிட்டு ஃபேக்டரியில நிப்பேன், அவுங்க கதவ ஒடச்சுக்கிட்டு வரணுமா?"

லயத்தில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. பனி உள்ளே வராமல் இருக்கச் சாத்திவைப்பார்கள், அவ்வளவுதான். வருகிறவர்கள் தட்டுவதும் இல்லை. "இருக்கீங்களா" என்ற குரலும் கதவு திறப்பதும் ஒன்றாக நடக்கும். அத்தான் தனியாக இருக்கும் பகல்களில் அவருக்குத் தேநீர் கொடுப்பது, சமையல் காஸ் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, டிவியைப் போட்டுவிடுவது எல்லாம் இப்படி வந்து போகிறவர்கள் செய்கிற வேலை. அந்த வழியை அடைத்துவிட்டு ஒரு பூட்டு போட முடியாது.

ஆக மச்சான் செய்ய வேண்டியிருந்தது ஒரு தலைகீழ்ப் பூட்டு. வெளிப்பக்கக் கைப்பிடி எப்போதும் வேலை செய்ய வேண்டும். உள்பக்கக் கைப்பிடி, பூட்டியிருக்கும்போது சும்மா சுற்ற வேண்டும்.

அதற்குப் பல வாரம் ஆயிற்று. இரண்டு எஃகுத் தட்டுகள் முகத்துக்கு முகம் நிற்கும். ஒன்று உள்பக்கக் கைப்பிடியோடு சேர்ந்தது, மற்றது கதவு நாக்கோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரு முள் கோத்திருக்கும். வெளியே இருக்கும் சின்னத் திருகைத் திருப்பினால் முள் பின்வாங்கும். பிறகு உள்பக்கக் கைப்பிடி தன் தட்டை மட்டும் சுற்றும், நாக்குக்கு எதுவும் தெரியாது. ஒரு மெல்லிய ஸ்பிரிங் கைப்பிடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். முதலில் முள்ளையும் எஃகில்தான் செய்தார். ஒரு மழை வாரத்தில் அது துருப்பிடித்து இறுகிவிட்டது. இந்த ஈரத்தில் எஃகு நிற்காது என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும், ஆனால் இந்த எஃகு நிற்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். இரண்டாவது முள் பித்தளை, கழித்துப் போட்ட ஒரு மெஷினின் புஷ் வளையத்திலிருந்து கடைந்தது. கதவுப் பலகை மெல்லியது என்பதால் பூட்டு உட்காரும் இடத்தில் இரண்டு பக்கமும் தகடு வைத்து, போல்ட் போட்டு முறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பொருத்தினார். அத்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஸ்குரூவாக எடுத்துக் கொடுத்தார். கேட்கும் அளவைச் சரியாகக் கொடுத்தார்.

"எந்த லோரிக்கு இது?" என்று கேட்டார்.

"லோரிக்கு இல்லண்ணே. வீட்டுக்கு."

"வீட்டுக்கு எதுக்கு? வீடு எங்க போகப்போவுது?"

மச்சான் குனிந்து துளையை ஊதினார்.

முதல் வாரம் பூட்டு உடையவில்லை. அத்தான் கைப்பிடியைப் பிடித்து அமுக்குவார், அது இறங்கும், கையை எடுத்தால் மேலே வரும். கோபமும் வரவில்லை. முன்பெல்லாம் கதவோடு மல்லுக்கு நின்றபின் சாயங்காலம்வரை அக்காவிடம் எரிந்து விழுவார். அதுவும் நின்றுவிட்டது. மச்சான் தன்னுடைய டிசைனை மேனேஜரிடம் காட்டப்போவதாகச் சொன்னார். எனக்கு இன்னும் பத்திரிகையில் ஆட்கள் இருக்கிறார்களா, படத்தோடு போடுவார்களா என்று விசாரித்தார்.

எனக்கும் மச்சானுக்கும் தோன்றாமல் போன ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினால் என்ன ஆகும்?

பக்கத்து வீட்டு அம்மாள் அதைக் கண்டுபிடித்தார். நெடுங்காலம் கொழுந்து எடுத்தவர், மூட்டு வலியால் வேலையை விட்டு வீட்டில் இருப்பவர். அன்று காலை தேநீரும் வறுத்த வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போனார். வெளியே நல்ல பனி. உள்ளே நுழைந்ததும், எல்லோரும் செய்வதுபோலக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினார். லயம் முழுக்க வேலைக்குப் போயிருந்தது. கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். ஃபேக்டரியில் மதியச் சங்கு ஊதி, சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கதவு தட்டும் சத்தத்தைக் கேட்டுத் திறந்துவிடும்வரை உள்ளேயே இருந்தார்.

அன்று மாலை நான் போனபோது வாசலில் ஒரு சின்னக் கூட்டம். அந்த அம்மாள் நடுவில் நின்று, அநேகமாகப் பல தடவை சொல்லி முடித்த கதையை மச்சானுக்காக மறுபடி ஆரம்பித்தார்.

"போலாம்னு கைப்பிடியப் பிடிச்சேன்யா. அது பாட்டுக்குச் சுத்துது. சரி, ரோசாக் ஆயிருச்சு, நம்ம கைபட்டுத்தான் கெட்டுப்போச்சுன்னு எனக்கு ஒதறல். அண்ணன் என்னயப் பார்த்துச் சொல்லுது, 'ஒக்காரும்மா, நியூட்ரல்லதான் நிக்குது. இன்னும் மூட்டை ஏத்தி முடியல'ன்னு."

"என்னா?" என்றார் மச்சான்.

"நியூட்ரல்யா. அந்த நாற்காலிய இழுத்துக் கதவு பக்கத்துல போட்டுக்கிட்டு, இடது கையில கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு இப்பிடி, இப்பிடி." அவர் வெறும் காற்றில் கையை லேசாக ஆட்டிக் காட்டினார். லோரி டிரைவர்கள் வண்டி நிற்கும்போது கியர்த் தண்டை ஆட்டிப் பார்ப்பார்களே, கியரில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள, அதே அசைவு. "எறங்கிப் பின்னாடி பார்த்துட்டு வான்னுச்சு. நான் அடுப்படிக்குப் போயி நின்னுட்டு வந்து, 'இன்னும் ஏத்துறாங்கண்ணே'ன்னேன். சரின்னுச்சு. பழைய தொர கத, கங்காணி கத, எந்த வளைவுல எந்த வண்டி கவுந்துச்சு, எல்லாம் சொல்லுச்சு. ரெண்டு வருசமா எங்கிட்ட இவ்வளவு பேசல."

"அப்ப நல்லாத்தான் பொழுது போயிருக்கு," என்று யாரோ சொன்னார்கள்.

"போச்சு. ஒண்ணுக்கு முட்டுற வரைக்கும் போச்சு. அவுங்க வீட்டு ஜாமான் எல்லாம் எங்க இருக்குன்னு இப்ப எனக்கு அத்துப்படி. உங்க அண்ணி சீனி டப்பாவ மூட மறந்துட்டாங்க, எறும்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. நாற்காலி கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அந்தக் கைப்பிடியைப் பற்றி இத்தனை வாரமாக எவ்வளவோ பேசியிருந்தோம். அதைப் பிடிக்கிற கை அதை என்னவாக எடுத்துக்கொள்ளும் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

மறுநாளே மச்சான் கதவு நிலையின் மேல் மூலையில் ஒரு கம்பி வளையம் வைத்தார். அதை இழுத்தால் உள்ளிருந்தும் நாக்கு விலகும். அத்தான் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர், அது அவர் கண்ணில் படாது. லயத்தில் எல்லோருக்கும் அதைக் காட்டிக் கொடுத்தார்கள்.

பள்ளி விடுமுறையின் கடைசி வாரத்தில் மகள் வந்தாள். வந்த அன்றே கைப்பிடியைப் பிடித்து அமுக்கினாள். அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள்.

"இது பூட்டு இல்ல சித்தப்பா. அப்பாவ ஏமாத்துறது."

"ஏமாத்தலம்மா. ஒடையாம இருக்கத்தான்…"

"சுத்துது, ஆனா திறக்காது. இதுக்கு வேற என்ன பேரு?"

மச்சானிடம் அதற்கு ஓர் அபிப்பிராயம் இல்லாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். அக்காதான் பேசினாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் பேசினாள்.

"ஈப்போவுல மட்டும் கேட்ட திறந்து போட்டா வச்சிருக்காங்க?"

"அங்க ஆளு இருக்காங்கம்மா. எந்நேரமும்."

"இங்கயும் இருக்காங்க."

"யாரு? ஓடி வர முடியாத அந்த அத்தையா?"

பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.  மகள் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமைக்குள் இல்லத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்லாமல் ஒருநாள் தள்ளிப்போட்டிருக்கிறாள், திங்கட்கிழமை போகும் வழியில் சொல்லிவிடுவாள் என்று. என்ன சொல்லப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் அப்பாவின் சட்டைகளை ஒரு பையில் மடித்துவைத்திருந்ததைப் பார்த்திருந்தேன்.

திங்கட்கிழமை அக்கா விடியுமுன் வேலைக்குப் போய்விட்டாள். மகள் மதிய வகுப்புக்குள் ஈப்போவுக்குத் திரும்ப வேண்டும். இரவு அங்கேயே தங்கிவிட்ட என்னை வழியில் பிரிஞ்சாங்கில் இறக்கிவிடுவதாகச் சொன்னாள். அத்தான் காலைச் சாப்பாடு முடித்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெளியே வந்தோம். கதவைச் சாத்தியவள் வெளித் திருகின்மேல் விரலை வைத்தாள்.  பிறகு விரலை எடுத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தாள். திருகு திரும்பவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கார் லயத்தின் கடைசியில் நின்றிருந்தது. அவள் எஞ்சினை எழுப்பவில்லை.

"என்னால முடியல மாமா," என்றாள். "சொந்த அப்பாவ வச்சு நான் பூட்ட மாட்டேன்."

"நான் போய்ப் பூட்டிட்டு வரட்டுமா?"

"வேணாம். கொஞ்ச நேரம் இருப்போம். வெளிய வந்தா நானே அங்க கூட்டிட்டுப் போயிடறேன்."

அவள் அதை எளிதாகச் சொல்லவில்லை.  அவள் முடிவைத் தன் கையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்திருந்தாள். அதை அவரிடம் சொல்ல மட்டும் வழியில்லை.

தோட்டத்து லோரி எங்களைக் கடந்து ஹார்ன் அடித்துக்கொண்டு மேலே போனது. வேலைக்காரர்கள், பெரும்பாலும் பங்களாதேஷ் இளைஞர்கள், பின்னால் நின்றுகொண்டு போனார்கள். பனி லேசாக விலகியிருந்தது. வீட்டுக் கதவை நன்றாகப் பார்க்க முடிந்தது.

கதவு அசைந்தது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. ஒரு கையகலம் திறந்தது, பிறகு இன்னும் கொஞ்சம். அத்தான் கைப்பிடியைப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். முகம் தெரிந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை, லோரி போன திசையையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பித் தன் பின்னால், வீட்டுக்குள்ளே பார்த்தார். நான் பல வருடம் விபத்து நடந்த இடங்களுக்குப் போய்ச் செய்தி எழுதியிருக்கிறேன். விபத்து நடப்பதற்கு முந்தைய நொடி ஒரு முகத்தில் எப்படி இருக்கும் என்று அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு கையாலும் கதவை அறைந்து சாத்தினார்.

"எறங்குங்கடா," என்ற குரல் உள்ளிருந்து வந்தது. "எறங்குங்க எல்லாரும். வண்டி நகருது."

மகள் ஓடினாள். நான் பின்னால் போனேன். வெளிக் கைப்பிடி திரும்பியது, நாக்கு விலகியது, ஆனால் கதவு அசையவில்லை. அவர் உள்ளே தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். மெல்லிய பலகை நடுவில் புடைத்துத் தெரிந்தது.

"அப்பா, நான்தாம்பா."

"எவன்டா கியர்ல போட்டது? பின்னாடி ஆளு நிக்குது. ஆளு நிக்குதுடா."

அவர் அழுதுகொண்டிருந்தார் என்று குரலில் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றார். மகள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கைப்பிடியை விட்டுவிட்டாள்.

"எல்லாரும் எறங்கிட்டாங்கப்பா," என்றாள்.

உள்ளே சத்தம் நின்றது.

"எல்லாருமா?"

"எல்லாரும். ஒருத்தரும் இல்ல பின்னாடி."

"யாருக்கும் அடியா?"

"இல்லப்பா. யாருக்கும் அடி இல்ல. ஹேண்ட்பிரேக் போட்டாச்சு."

அவர் கதவை விடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாங்கள் தள்ளவில்லை. பிறகு பலகையின் புடைப்பு அடங்கியது, நாற்காலி கிறீச்சிட்டது. மகள் மெல்லத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் தொடைமேல் கிடந்தன. அவளை யாரென்று தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. "தண்ணி குடுங்க," என்று மரியாதையாகக் கேட்டார்.

மச்சானுக்குச் சொல்லியனுப்பினோம். ஃபேக்டரியிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார். பழைய தொழில் பழக்கத்தில் அவரிடம் கேட்டேன், அத்தான் ஓட்டிய வண்டியிலிருந்து யாராவது எப்போதாவது விழுந்திருக்கிறார்களா என்று.

"ஒருத்தரும் விழுந்தது இல்ல மச்சான். வேலை விட்டு நிக்கற வரைக்கும் ஒரு சிராய்ப்பு கெடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "தெனம் பயந்துகிட்டேதான் ஓட்டியிருக்கும் போல. எங்கிட்ட சொன்னது இல்ல."

பிறகு பூட்டைக் கழற்றினார். அத்தானைப் பக்கத்து வீட்டு அம்மாள் அடுப்படிப் பக்கம் அழைத்துப்போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மச்சான் தட்டுகளைப் பிரித்து, பித்தளை முள்ளை வெளியே எடுத்தார். அதைத் திரும்ப வைக்கவில்லை. வெளியே இருந்த திருகையும் எடுத்துவிட்டு, ஓட்டையை ஒரு வட்டத் தகட்டால் மூடினார்.

"என்ன செய்யறீங்க?" என்றேன்.

"கியர்ல விழக் கூடாது. அவ்வளவுதான். யாரு மறந்தாலும், யாரு பூட்டலனாலும், உள்பக்கம் இனி எதோடயும் சேராது. நமக்கு மேல வளையம் இருக்கு." ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டு அதை மட்டும் கவனமாகத் திரும்பப் பொருத்தினார். "இப்ப இது பூட்டே இல்ல. மேனேஜர்கிட்ட என்னத்தக் காட்டுறது?"

மகள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பொருத்தி முடித்ததும் வந்து கைப்பிடியைப் பிடித்து அமுக்கினாள். அது இறங்கியது, தன்பாட்டில் மேலே வந்தது.

"இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும் சித்தப்பா," என்றாள். "நியூட்ரல் இவ்வளவு லூசா இருக்காது."

மச்சான் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஸ்பிரிங்கை ஒரு சுற்று முறுக்கினார்.

லயத்தில் போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். மகள் அங்கே போய் நின்று இல்லத்துக்குப் பேசினாள். முதுகு மட்டும் தெரிந்தது. நீண்ட நேரம் பேசியது மறுமுனையில் இருந்தவர்கள் என்று நினைக்கிறேன், அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து நேராகப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் போனாள். அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. காலையில் எத்தனை மணிநேரம் அப்பாவோடு உட்கார முடியும், முடியாத நாளில் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டாள். அந்த அம்மாள் தன் மூட்டைத் தடவிக்கொண்டே, "நான் எங்க ஓடப்போறேன்," என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. இருந்தாலும் நியாயம்தான்.

இந்த நோயில் அடுத்தது என்ன வரும் என்று எங்கள் எல்லோருக்கும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். கைப்பிடியும் ஒருநாள் அவருக்கு மறந்துபோகும். அதற்கு மச்சானிடமும் டிசைன் இல்லை.

மதியச் சங்கு ஊதிச் சற்று நேரத்தில் அக்கா பாதையில் வருவது தெரிந்தது. மகளின் கார் இன்னும் நிற்பதைப் பார்த்ததும் அவள் நடை தளர்ந்தது. வாசலுக்கு வந்தும் கதவைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உள்ளதான் இருக்காரு," என்றேன்.

மகள் வெளியே வந்தாள்.

"நீ போகல?"

"நாளைக்குப் போறேன். லீவு சொல்லிட்டேன்."

"அந்த எடம்?"

"வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கன்னுட்டேன்மா. இப்போதைக்கு."

அக்கா தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். அதில் ஒட்டியிருந்த தேயிலைத் தூள் படியில் கொட்டியது.  

"இப்போதைக்குப் போதும்," என்றாள் அக்கா. கதவைத் திறந்துகொண்டு அரிசி களையப் போனாள்.